சுவரோரத்து அழுக்குக் கோடு

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் டேப் அக்கா செய்கிற முதல் காரியத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. செருப்பைக் கழற்றுவாள், கைப்பையை வாசலிலேயே வைப்பாள், புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகுவாள். பிறகு மண்டியிட்டு, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றித் தவழ ஆரம்பித்துவிடுவாள். கழுத்தில் மாலைபோல் தொங்கும் அளவு டேப் தரையை உரசிக்கொண்டு கூடவே போகும்.

"என்னங்க, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று வீட்டுக்காரர்கள் பதறுவார்கள்.

"இல்லைங்க. உங்க வீட்டுப் பூனை எதைப் பாக்குதுன்னு பாக்குறேன்."

பின்னாலேயே ஏணியும் துளைபோடும் கருவியுமாக அவள் கணவர் வருவார். "பயப்படாதீங்க. கீழ பாக்குறது அவ, மேல பாக்குறது நானு. நடுவுல இருக்கிறதை நீங்க பாத்துக்குங்க" என்பார். இதை அவர் எல்லா வீட்டிலும் சொல்வார். அக்காவும் எல்லா வீட்டிலும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பாள்.

திரைச்சீலை, சோபா உறை, தரை விரிப்பு, இவைதான் அவர்கள் தொழில். ஆனால் நாய் பூனை வளர்க்கிறவர்கள் மற்றக் கடைகளை விட்டுவிட்டு அக்காவைத் தேடி வந்தார்கள். நின்றுகொண்டு பார்க்கிறவர்களுக்குத் தெரியாதது தவழ்கிறவளுக்குத் தெரிந்தது. மேசை விரிப்பின் தொங்கும் ஓரம் குட்டி நாய்க்கு இழுத்து விளையாட வாகாக இருக்கும்; இழுத்தால் மேலே இருக்கும் வெந்நீர்ப் பாத்திரமும் கூட வரும். வளையம் வளையமாக நூல் எழும்பிய துணியில் பூனையின் நகம் மாட்டிக்கொள்ளும். நெருக்கமாக நெய்த துணியில் மாட்டாது. அலமாரியின் கீழ்த்தட்டில் கனமான சாமான் இல்லாவிட்டால் ஒரு பூனை தாவினாலே அது ஆடும். அலங்காரத்துக்கு வைத்த பூச்சாடியில் இருப்பது பூனை கடிக்கக் கூடாத செடியாக இருக்கலாம். அக்கா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொள்ளும்போது அந்த வீட்டுக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பது அவள் மனதில் முடிவாகியிருக்கும்.

இந்தப் பழக்கம் வந்த கதை சின்னது. இளம் வயதில் அவள் ஒரு திரைச்சீலைக் கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தாள். தனியாக வாழ்ந்த ஒரு நர்ஸம்மாவுக்கு ஜன்னல் மறைப்பு ஒன்றை விற்றாள். அதை ஏற்றி இறக்க நீளமாக ஒரு கயிற்று வளையம் தொங்கும். சில வாரம் கழித்து நர்ஸம்மா அந்தக் கயிற்றை மட்டும் அறுத்து எடுத்துவந்து கடை மேசைமேல் வைத்தார். பூனைக்குட்டியின் கழுத்தில் அது சுருக்கிக்கொண்டதாம். அவர் கத்தவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. "அடுத்தவங்களுக்கு விக்கும்போது சொல்லுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கத்தியிருந்தால் பரவாயில்லை என்று அக்கா பல வருடம் நினைத்தாள். அன்று மாலை நர்ஸம்மா வீட்டுக்குப் போய், அனுமதி கேட்டு, அந்த ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து மேலே பார்த்தாள். முதல்முறை தவழ்ந்தது அந்த வீட்டில்தான்.

அப்படித் தொடங்கிய வழக்கத்தை அவள் ஒரே ஒரு வீட்டில் கைவிட்டாள். அது அவளுடைய நாத்தனார் வீடு.

நாத்தனார் என்றால் கணவருடைய தங்கை. காப்பீட்டு அலுவலகத்தில் மேலதிகாரி. அண்ணன் மில் வேலையை விட்டுவிட்டு மனைவிக்கு ஏணி தூக்கப் போனது அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லவும் மாட்டாள், சொல்லாமல் விடவும் மாட்டாள். ஒருமுறை உறவுக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்த சாப்பாட்டு மேசையில், "எங்க அண்ணியைச் சும்மா நினைக்காதீங்க. நாலு கால்ல போய் நாலு காசு சம்பாதிக்கிறவங்க" என்றாள். சிரிப்பில் மேசையே குலுங்கியது. அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குழம்புக் கரண்டியை எடுத்தவள், யாருக்கு ஊற்ற எடுத்தோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

அந்த நாத்தனார்தான் ஒருநாள் போன் செய்தாள். மகனுக்குப் பெண் முடிவாகியிருக்கிறது, பெண்ணைப் பெற்றவர்கள் முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள், ஹால் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

"உங்களை விட்டா யாரு அண்ணி இருக்கா?"

அக்காவுக்குக் காதில் தேன் பாய்ந்தது. இருக்கிறதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். "வேலைக்குப் போறோமா, விருந்துக்குப் போறோமா?" என்று கணவர் கேட்டார்.

அந்த வீட்டில் ஒரு நாய் உண்டு. முழங்கால் உயரம், பழுப்பு நிறம், வயதானது. குட்டியாக இருந்தபோது வருகிறவர் போகிறவர் பைகளையெல்லாம் மோந்து சோதனை போட்ட பிறகுதான் உள்ளே விடுமாம். அதனால் மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்றும் அது வாசலுக்கு வந்து அக்காவின் பையைச் சோதித்தது. பிறகு திரும்பி, சுவரோரமாக, தனக்கே உரிய நிதானத்தோடு சமையலறைப் பக்கம் போனது.

நாத்தனார் ஹால் நடுவில் கைகட்டி நின்றாள். அவள் கணவரும் மகனும் இருந்தார்கள். அக்கா பையை வைத்தாள். தலைப்பை இடுப்பில் செருகக் கை போனது.

"என்ன அண்ணி, ஆரம்பிக்கப் போறீங்களா? இருங்க, போன்ல வீடியோ எடுத்துக்குறேன்" என்றாள் நாத்தனார், சிரித்தபடி.

அக்காவின் கை அப்படியே நின்றது. "இது நம்ம வீடும்மா. எனக்குத் தெரியாத வீடா?" என்று சொல்லி, தலைப்பைத் திரும்பத் தோளில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, நின்றபடியே டேப்பை உருவினாள். கணவர் மட்டும் அவளை ஒருமாதிரிப் பார்த்தார்.

நின்று பார்க்கும்போது கண்ணில் படுவதெல்லாம் குறையாகத்தான் பட்டது. கைப்பிடி கிழிந்த சோபா, காலத்துக்கும் அதே இடத்தில். வாசலிலிருந்து சமையலறைவரை சுவரை ஒட்டி ஓடும் பழைய சணல் விரிப்பு. அதற்கு மேலே, சுவரில், ஒரு முழ உயரத்துக்கும் கொஞ்சம் மேலாக, வாசலில் தொடங்கி சமையலறைக் கதவுவரை நீண்டு போகும் கறுத்த கோடு. எண்ணெய்க் கையால் யாரோ ஒரே இழுப்பாக இழுத்த மாதிரி.

அக்காவுக்கு அது கையில் கிடைத்த ஆயுதமாகத் தோன்றியது. "என்னம்மா இது, சுவத்துக்குக் கரை போட்டு வச்சிருக்கே? வர்றவங்க முதல்ல இதைத்தான் பாப்பாங்க. மேலதிகாரி வீட்டுச் சுவருன்னு யாரு நம்புவா?" என்று, நாத்தனாரின் மகனும் கணவரும் கேட்கும்படி சொன்னாள்.

நாத்தனாரின் முகம் சிறுத்துப்போனது. "எவ்வளவு துடைச்சாலும் திரும்ப வருது அண்ணி" என்றாள் மெதுவாக.

ஏன் திரும்ப வருகிறது என்று அக்கா கேட்டிருக்க வேண்டும். வேறு எந்த வீடாக இருந்தாலும் கேட்டிருப்பாள். அன்றைக்கு அந்தச் சிறுத்த முகத்தைப் பார்த்த திருப்தியில் அவளுக்குக் கேள்வி எழவில்லை.

வேலை பிரமாதமாக முடிந்தது. நெருக்கமாக நெய்த, முடி ஒட்டாத, ஈரத்துணியால் துடைக்கக்கூடிய உறைகள். கயிறே இல்லாத திரைகள். மூலை வளைந்த மேசை. நாய்ப் பாதம் வழுக்காத தரை விரிப்பு, ஹால் முழுக்க ஒரே நிறத்தில். வாசனையில்லாத பெயிண்டில் சுவர் பால்போல் வெளுத்தது. பழைய சோபா பின்கட்டுக் கொட்டகைக்குப் போக, புதியது ஜன்னலோரத்துக்கு வந்தது. மேனேஜரின் தண்ணீர்க் கிண்ணம்கூடப் பழைய மூலையிலிருந்து, கண்ணில் படாதபடி பால்கனியில் ஒரு அழகான தாங்கிக்கு இடம் மாறியது. நாய் இருக்கும் வீட்டுக்கு எதெல்லாம் ஆகாது என்று அக்கா சொல்வாளோ அதில் ஒன்றுகூட அந்த ஹாலில் இல்லை.

"கண்ணு பட்டுடும் அண்ணி" என்றாள் நாத்தனார், மனதார. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அக்கா பல நாள் ஓட்டினாள்.

பெண் வீட்டார் வந்துபோன மறுநாள் நாத்தனாரின் கணவர் போன் செய்தார். அவர் மென்மையான மனிதர். மேனேஜரைக் காலையும் மாலையும் வார் பிடித்துத் தெருவில் நடத்திக்கொண்டு போகிறவர்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்தப் பெயிண்ட்டுல, பசையில ஏதாவது நாய்க்கு ஒத்துக்காதது இருக்குமா?"

"ஏன் தம்பி?"

"மேனேஜரு ஒரு மாதிரி இருக்கான். ஹால் நடுவுல நின்னு சும்மா குலைக்கிறான். சோபா பக்கத்துல ஒண்ணுக்குப் போயிடறான். நேத்து மேசையில போய் முட்டி காப்பியெல்லாம் கொட்டிட்டான். அந்தப் பொண்ணோட அம்மா பாவம், தடவிக் குடுக்கலாம்னு கையை நீட்டினாங்க, வெடுக்குன்னு கடிக்கப் போயிட்டான். பல்லு படலை, ஆனா உங்க நாத்தனாருக்கு மானமே போச்சு."

அக்காவுக்கு உடம்பு சூடேறியது. அவள் வேலையையா சந்தேகப்படுகிறார்கள்? "நான் போட்டது எல்லாமே நாய்க்குன்னே பாத்துப் போட்டது தம்பி. அதுல ஒரு குறையும் இருக்காது" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "வயசாயிடுச்சில்ல? வயசான நாய்க்குக் குணம் மாறும். நான் எத்தனை வீட்டுல பாத்திருக்கேன்."

"அப்படியாக்கா?" என்றார் அவர். அந்தக் குரலில் இருந்த நம்பிக்கையை அக்கா பின்னால் பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வந்த செய்தி கணவர் மூலமாக வந்தது. தையல் அறையில் அக்கா துணிமேல் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "தங்கச்சி பேசினா. மேனேஜரை நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறாங்களாம். ஊருக்கு வெளியில கிழட்டு நாய்களை வச்சிப் பாத்துக்குற இடம் இருக்காமே, அங்க. 'அண்ணியே சொல்லிட்டாங்க, இனிமே சரியாகாதாம்'னு சொன்னா" என்றார்.

அக்காவின் கையிலிருந்து சாக்பீஸ் நழுவி மேசைக்கு அடியில் உருண்டது. எடுக்கக் குனிந்தாள், எட்டவில்லை. மண்டியிட்டு உள்ளே தவழ்ந்தாள். அங்கேதான் அந்தப் பழைய சணல் விரிப்பு கிடந்தது. நல்ல சணல், ஏணிக்கு அடியில் போடலாம் என்று கணவர் எடுத்து வந்து வைத்திருந்தார்.

விரிப்பின் தேய்மானத்தைப் பார்த்து அந்த வீட்டில் யார் எப்படி நடப்பார்கள் என்று சொல்கிறவள் அவள். மனிதர்கள் நடுவில் நடப்பார்கள், நடு வெளுக்கும். இதிலும் நடு கொஞ்சம் வெளுத்திருந்தது. ஆனால் ஒரு ஓரம் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, சணல் நைந்து நார் நாராகப் போயிருந்தது. அந்த நாரில் பழுப்பு முடி சிக்கியிருந்தது. மறு ஓரம் கடையில் வாங்கியபடி இருந்தது.

நைந்த ஓரம் சுவர்ப் பக்கத்து ஓரம். அதற்கு நேர் மேலே கறுத்த கோடு. தோள் உயரம்; ஒரு நாயின் தோள் உயரம்.

துள்ளித் திரிகிற நாய் எதற்காக இத்தனை காலம் ஒரே ஓரத்தில், சுவரில் தோளை உரசிக்கொண்டே நடக்க வேண்டும்? வாசலில் பையைச் சோதித்தபோது மேனேஜர் முகத்தைத் தூக்கிப் பார்க்கவே இல்லை என்பது அவள் நினைவுக்கு வந்தது. அதன் கண்ணில் ஓடிய மெல்லிய நீல மங்கலும் வந்தது. பார்த்திருக்கிறாள். பார்த்தும் மனதில் வாங்கவில்லை.

"என்ன, சாக்பீஸ் கிடைக்கலையா?" என்றார் கணவர்.

"கிடைச்சிருச்சு."

"அப்புறம் ஏன் எந்திரிக்கல?"

மேசைக்கு அடியில் உட்கார்ந்தபடியே சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "என் தங்கச்சிதானே. நானே பக்குவமா பேசிக்கிறேன். நீ வர வேண்டாம்."

அது எவ்வளவு வசதியான வழி என்று அக்காவுக்குத் தெரிந்தது. இன்னும் வசதியான வழிகளும் அவள் மனதில் ஓடாமல் இல்லை. விரிப்பை மட்டும் கொண்டுபோய்ப் போட்டு, பழைய மாடல்தான் இப்போது புது மோஸ்தர் என்று சொல்லிவிடலாம். டாக்டரிடம் காட்டச் சொல்லலாம். அவரே கண்டுபிடித்துச் சொல்லட்டும், தன் பெயர் வெளியே வராது. இப்படியெல்லாம் யோசிக்கத் தெரிகிறதே என்று நினைத்தபோது அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுந்து, மேசைமேல் கிடந்த சோபாத் திண்டிலிருந்து ஒரு பிடி பஞ்சை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டாள். "விரிப்பைச் சுருட்டுங்க. நான்தான் சொல்லணும்" என்றாள்.

அவர்கள் போனபோது நாத்தனார் வீட்டில் மூவரும் இருந்தார்கள். மேனேஜர் ஹாலுக்கு நடுவே, எங்கும் போகத் தெரியாத பயணிபோல் படுத்திருந்தது. கழுத்தில் புது வார்.

"மேனேஜருக்குக் கண்ணு தெரியாதும்மா" என்றாள் அக்கா, வாசலில் நின்றபடியே.

நாத்தனார் சிரித்துவிட்டாள். "என்ன அண்ணி! இந்த வேலை நடக்கிறவரைக்கும் வீடு பூரா சுத்தினவன்."

அக்கா பஞ்சை உருட்டி மேனேஜரின் மூக்குக்கு நேராக, காற்றில் மிதக்கும்படி போட்டாள். சத்தமில்லாமல் அது முகத்துக்கு முன்னாலேயே இறங்கியது. மேனேஜர் இமைக்கவில்லை. தலை திரும்பவில்லை. மூக்கில் பட்ட பிறகுதான் திடுக்கிட்டு எழுந்தது. இன்னொரு பக்கமிருந்து போட்டாள். அப்போதும் அப்படியே.

நாத்தனாரின் கணவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். "நான் வார் பிடிச்சில்ல கூட்டிட்டுப் போறேன். அதான் தெரியல" என்றார், யாருக்கோ பதில் சொல்வதுபோல்.

"கூடவே இருக்கேன். சோறு போடுறேன். எனக்குத் தெரியாம போச்சே" என்றாள் நாத்தனார்.

அக்கா நினைத்திருந்தால் அந்தப் பழியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அது தானாகவே நாத்தனார் தலையில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

"உனக்குத் தெரியாம போனதுக்குக் காரணம் நீ எதையும் நகத்தாம வச்சிருந்தது. சோபா அதே இடம், கிண்ணம் அதே இடம். அந்த விரிப்பும் சுவரும்தான் அவனுக்குக் கண்ணு. அதைப் பிடுங்கிட்டுப் போனது நான். அந்தக் கோடு அவன் தோள் உரசினது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல தரையில இறங்கிப் பாக்குறவ, உன் முன்னாடி இறங்க வெக்கப்பட்டுக்கிட்டு நின்னுட்டேன்."

நாத்தனாரின் கண் வெள்ளைச் சுவர்மேல் போனது.

"இன்னொண்ணும் இருக்கு. வயசாச்சு, குணம் மாறிடுச்சுன்னு தம்பிகிட்ட சொன்னேன்ல? எனக்கு அப்போ எதுவும் தெரியாது. என் வேலையில குறை சொல்லிடுவாங்களோன்னு சொன்னது அது. அதை நம்பித்தான் நீங்க அவனை அனுப்பப் பாத்தீங்க."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். அத்தை இப்படி நிற்பதைப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கடைசியில் நாத்தனார்தான் பேசினாள். "அன்னைக்கு இந்தச் சுவத்தைக் காட்டி எல்லாருக்கும் முன்னாடி சொன்னீங்களே அண்ணி. அன்னைக்கு ராத்திரி உக்காந்து நான் தேய்ச்சேன். பெயிண்ட் அடிக்கிறதுக்கு முந்தி, எனக்கே பொறுக்காம, கை வலிக்கத் தேய்ச்சேன்."

அக்கா பையை வாசலிலேயே வைத்தாள். தலைப்பை இடுப்பில் செருகினாள். நைந்த ஓரம் சுவரை ஒட்டும்படி விரிப்பை வாசலிலிருந்து உருட்டிவிட்டு, அதன்மேல் கண்ணை மூடிக்கொண்டு தவழ்ந்தாள். தோளால் சுவரைத் தேடிக்கொண்டே போனாள். பாதி வழியில் நெற்றி எதிலோ இடித்தது. அவளே தேர்ந்தெடுத்த, மூலை வளைந்த மேசை. வளைந்த மூலையும் வலிக்கத்தான் செய்தது.

"அதை எடுத்திடுங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

கணவரும் நாத்தனார் மகனும் மேசையை நகர்த்தினார்கள். கொட்டகையிலிருந்து கிழிந்த சோபா பழைய இடத்துக்கு வந்தது. கிண்ணம் பழைய மூலைக்கு வந்தது. மேனேஜர் வாசலில் விரிப்பை மோந்தது. நைந்த ஓரத்தில் முன்காலை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. பிறகு தோளைச் சுவரில் சாய்த்து, நிதானமாக நடந்துபோய்த் தண்ணீர் குடித்தது. நக்கிக் குடிக்கும் சத்தம் ஹால் வரை கேட்டது. நாத்தனாரின் கணவர் போய் அதன் கழுத்து வாரைக் கழற்றினார். நாத்தனார் உள்ளே போய், போனை எடுத்து, நாளைக்கு யாரும் வர வேண்டாம் என்று சொன்னாள்.

அக்காவை அவள் சாப்பிடச் சொல்லவில்லை. அக்காவும் எதிர்பார்க்கவில்லை.

பின்னர் அந்த வீட்டுக்கு அக்கா போகும்போதெல்லாம் அந்தச் சுவரைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்வாள், முடியாது. வெள்ளைப் பெயிண்டில் முதலில் நிழல்போல ஒன்று தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது கறுத்தது.

பெண் வீட்டார் மறுமுறை வந்தபோது அவளும் அங்கே இருந்தாள். நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. இந்த முறை மேனேஜர் வாசலுக்குப் போய் அவர்கள் பையைச் சோதித்துவிட்டு, சுவரோரமாகத் திரும்பிப் போனது. பெண்ணின் தாய் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். திரைகளைத் தொட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். பிறகு அவர் கண் கீழே இறங்கியது.

"எல்லாம் அழகா பண்ணிட்டு, இந்தச் சுவத்தை மட்டும் இப்படி விட்டுட்டாங்களே. ஒரே அழுக்குக் கோடு. யாரு பண்ணின வேலைங்க இது?"

நாத்தனார் வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்ல வந்தாளோ, அக்கா முந்திக்கொண்டாள். காது மடல்வரை சூடு ஏறுவது அவளுக்கே தெரிந்தது.

"நான் பண்ணின வேலைதாங்க" என்றாள்.